அரச சேவையைத் தனியாரிட்டைக் குடுக்கிறது: மகன் ஒட்டிப் பேசோணும், என்ன சொல்லலாம்?

நெல்லியடி அம்மா:
மகன் ஏ.எல். பொருளியல் படிக்கிறான். வாற கிழமை விவாதம். அரச சேவைகளைத் தனியாரிட்டைக் குடுக்கோணுமெண்டு ஒட்டிப் பேசோணுமாம். "வினைத்திறன்", "போட்டி" எண்டு புத்தகத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறான். இஞ்சத்தைய கதையொண்டும் அதில இல்லை. தெரிஞ்சாக்கள் எழுதுங்கோ.

பழைய கொண்டக்டர்:
தங்கச்சி, நான் 27 வருஷம் அரச பஸ்ஸில ரிக்கெற் கிழிச்சவன். அப்பிடியிருந்தும் ஒட்டித்தான் நிப்பன். சனம் ஏறினாலும் ஏறாட்டிலும் எனக்குச் சம்பளம் ஒண்டுதான். கை காட்டின கிழவியை விட்டிட்டுப் போன நாளும் இருக்கு, மறைக்கேல்லை. பின்னால வந்த தனியார் மினிபஸ் பொடியன் இறங்கி வெங்காய மூட்டையையும் தூக்கி ஏத்துவான்.

ஆனா பஸ்ஸில தொடங்க வேண்டாம். அரச பஸ் பள்ளிப் பிள்ளையளுக்கு மலிவாய்க் குடுக்கிற சீசன் ரிக்கெற்றைக் காட்டி எதிரணி மடக்கிப்போடும். ரெலிபோனில தொடங்கட்டும். 1991 வரைக்கும் அது அரசாங்கத் திணைக்களம். 1996இல சன்ரெல், லங்கா பெல் எண்டு ரெண்டு தனியார் ரெலிபோன் கொம்பனியள் வந்தது. 1997இல ஜப்பானின்ர என்.ரி.ரி. கொம்பனி அரசாங்கத்தின்ர ஸ்ரீலங்கா ரெலிக்கொமில 35 வீதப் பங்கை வாங்கினது. லைனுக்கு வருஷக்கணக்காய்க் காத்திருந்த காலம் அதோட மாறத் தொடங்கினது. எங்களுக்கு செல்போன் 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான், அது வேற கதை.

நெடுந்தீவான்:
குறிகட்டுவானுக்கு வந்து நெடுந்தீவுக்கு ஓடுற குமுதினிப் படகில ஏறிப் பாருங்கோ அண்ணை. அது அரசாங்கத்தின்ர வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ர. லாபம் பாக்கிறவன் மாரிக் கடலில பத்துச் சனத்துக்காக ஓடுவானோ? சமையல் காஸ் என்னாச்சு? 1995இல ஷெல் எண்ட வெளிநாட்டுக் கொம்பனியிட்டைக் குடுத்தவை, 2010இல அரசாங்கமே திருப்பி வாங்கினது.

பழைய கொண்டக்டர்:
காஸ் நல்ல அடி. ஆனா அங்க முதல் அஞ்சு வருஷம் வேற ஒருத்தரும் வரேலாதெண்டு எழுதிக் குடுத்தவை. அரசாங்கத்தின்ர தனிக்கடை இன்னொருத்தன்ர தனிக்கடையானது, அவ்வளவுதான். ரெலிபோனில அப்ப கடை மூண்டு. மகன் இந்த இடத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கோணும்.

படகுக்கு, காசை அரசாங்கம் குடுக்கட்டும், ஓட்டத்தைத் தனியாருக்குக் கேள்விக்கு (ரெண்டருக்கு) விடட்டும். ஓடாத நாளுக்குக் காசை வெட்டட்டும். பள்ளிப் பிள்ளையளுக்கு ஓடுற "சிசு செரிய" பஸ்ஸும் அப்பிடித்தானே? தனியாரும் ஓடினம், பிள்ளையளிட்டைக் குறைச்சு வாங்கிற காசை அரசாங்கம் கட்டுது.

நெடுந்தீவான்:
வெட்டினால் அவனுக்குக் காசு குறையும். அண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டவன் என்ன செய்யிறது?

பழைய கொண்டக்டர்:
அதுக்கு என்னட்டைப் பதில் இல்லைத் தம்பி.

நெல்லியடி அம்மா:
காஸை எதிரணி எடுக்க முதல் தானே சொல்லிப்போடுறன் எண்டுறான். படகைப் பற்றி வாயே திறக்க மாட்டானாம்.