நடு வேலையில நிண்டுபோற கொம்பியூட்டர்: எங்கட ஆக்களின்ர அனுபவங்கள்

பரந்தன் சந்தி:

வீட்டு முன் விறாந்தையை அடைச்சுப் போட்ட சின்னப் போட்டோக்கொப்பிக் கடை என்ர. ரைப்பிங், பள்ளிக்கூடச் சோதனைப் பேப்பர், மரண அறிவித்தல், கல்வெட்டு (செத்தவரின்ர நினைவுக்கு அடிக்கிற புத்தகம்) எல்லாம் ஒரே ஒரு பழைய கொம்பியூட்டரிலதான். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி றாம், செக்கன்காண்டா வாங்கினது.

போன ஆவணியில ஒரு கல்வெட்டு வேலை வந்தது. 31ஆம் நாள் நினைவுக்கு இன்னும் மூண்டு நாள்தான். வம்சாவளி மரம் மூண்டு தலைமுறைக்குப் போகுது. பேரப்பிள்ளையள் பாதிப் பேர் கனடாவில, ஒவ்வொரு பேரையும் வாட்ஸப்பில கேட்டுக் கேட்டு பாமினி எழுத்துருவில அடிக்கிறன். திடீரெண்டு திரை கறுத்து, தன்ர பாட்டில திரும்பத் தொடங்குது. விண்டோஸ் பிழை காட்டுற நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. செத்தவரின்ர தம்பி வாங்கிலில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நாளும் அப்பிடித்தான்.

டவுணுக்குக் கொண்டுபோனன். 'றாம் பழுது' எண்டு மாத்தினவை. அங்க ரெண்டு மணித்தியாலம் விட்டுப் பாக்க ஒரு பிசகும் இல்லை. வீட்டை கொண்டுவந்து பூட்டினா அண்டைக்குப் பின்னேரமே நிண்டுட்டுது. திரும்பக் கொண்டுபோக, 'அப்ப மதர்போட்தான், புதுசு எடுங்கோ' எண்டினம். காசை நினைக்க வயித்தைக் கலக்கிச்சுது.

பிறகுதான் கடன் எழுதுற கொப்பியின்ர பின்பக்கத்தில நிண்ட நேரங்களை எழுதத் தொடங்கினன். 5.40. 6.05. 5.50. காலமையில ஒருக்காலும் இல்லை. விண்டோஸ் நடந்ததுகளைக் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தா 'கேர்னல்-பவர் 41' எண்டு வரிசையாக் கிடக்குது. அதைப் பாத்திட்டு பவர் சப்ளைதான் பழுது எண்டு துள்ளாதேங்கோ. ஒழுங்கா நிப்பாட்டாமல் கொம்பியூட்டர் நிண்டது எண்டு மட்டும்தான் அது சொல்லும். கரண்ட் போனாலும் அதேதான் விழும். றாமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ஐ இரவிரவா ஓடவிட்டன், நாலு சுத்திலயும் ஒரு பிழையும் வரேல்லை. புது றாமுக்குக் குடுத்த காசு வீண் எண்டு விளங்கினது அப்பதான். வெப்பத்தையும் பாத்தன், 62 பாகைக்கு மேல போகேல்லை.

அப்ப டவுணில ஓடுறது வீட்டில ஏன் நிக்குது? கொம்பியூட்டர் அதே கொம்பியூட்டர். வேறையா இருக்கிறது சுவரில இருந்து வாற கரண்ட் மட்டும்தான். எங்கட வீடு லைனின்ர கடைசி. ஒரு மல்டிமீற்றரை இரவல் வாங்கி பிளக்கில குத்தி வச்சுக்கொண்டு இருந்தன். 226 வோல்ட் நிக்குது. 5.45க்குப் பக்கத்து வளவு மாமா மிளகாய்க்கு இறைக்க மோட்டரைப் போட்டார். முள்ளு 181க்கு விழுந்து, பிறகு 200க்குக் கிட்ட வந்து நிண்டது. லைட் ஒருக்கா மங்கிச்சுது, காற்றாடி மெதுவாச் சுத்திச்சுது. கொம்பியூட்டர் செத்துட்டுது.

இதில ஒரு கணக்கு இருக்கு. பின்பக்கத்தில சிவப்புச் சுவிச் உள்ள பழைய மாதிரிப் பவர் சப்ளைக்குள்ள, 230 வோல்டை கிட்டத்தட்ட 325 வோல்டாச் சேத்து வைக்கிற பெரிய கப்பாசிற்றர் இருக்கும். வெளியில கரண்ட் ஒரு கணம் தடுமாறினால் அதில கிடக்கிறதை வச்சுத்தான் தாக்குப்பிடிக்கும். நல்ல புதுசு எண்டாலே 16 மில்லிசெக்கன் அளவுதான். வோல்டேஜ் 181க்கு இறங்கினால் அதில கிடக்கிற சக்தி நூற்றுக்கு அறுபது பங்குக்கு வந்திடும். என்ரயில கப்பாசிற்றரும் வயசுபோய்க் காய்ஞ்சு போயிருந்தது. கரண்ட் தடுமாறினா பற்றறியில தாங்கிற யூ.பி.எஸ். இருந்ததுதான், பற்றறி செத்துப்போச்செண்டு நான்தான் ஒரு வருசத்துக்கு முதல் கழட்டி மூலையில வச்சனான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு ஆரைக் குறை சொல்ல?

புதுப் பவர் சப்ளை ஒண்டு, யூ.பி.எஸ்.சுக்குப் புதுப் பற்றறி ஒண்டு. மதர்போட் அப்பிடியே கிடக்குது.

மல்லாவி ரீச்சர்:

எங்கட பாடசாலை ஆய்வுகூடத்தில பத்தில ஒண்டு மட்டும் நீலத் திரை காட்டி நிக்கும். பிள்ளையள் அதுக்குப் பேய்க் கொம்பியூட்டர் எண்டே பேர் வச்சிட்டுதுகள். திறந்து பாத்தா செம்மண் தூசி, எறும்பு, ஒரு காய்ஞ்ச பல்லி. எல்லாத்தையும் துடைச்சு, றாமின்ர பல்லை ரப்பரால தேய்ச்சுப் போட ஓடிச்சுது. பெருமையா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன். ஆறு நாள்தான்!

பிறகு ரெண்டு றாமுக்கும் பிளாஸ்ரர் ஒட்டி 'அ', 'ஆ' எண்டு எழுதி, ஒவ்வொண்டா ஒவ்வொரு ஸ்லொட்டிலயும் போட்டுச் சோதிச்சன். அ-வும் முதல் ஸ்லொட்டில நல்லம், ஆ-வும் முதல் ஸ்லொட்டில நல்லம். ரெண்டாம் ஸ்லொட்டில எதைப் போட்டாலும் மெம்டெஸ்டில பிழை எண்டு சிவப்பு வரி. றாமில பிழையே இல்லை. ஒரே நேரத்தில ரெண்டையும் கழட்டி மாத்திப் பூட்டியிருந்தா இது பிடிபட்டே இருக்காது. அந்த ஸ்லொட்டை வெறுமையா விட்டு, பாதி றாமோட இப்பவும் பாவிக்கிறம். மற்றதைப் பக்கத்துக் கொம்பியூட்டருக்குப் போட்டாச்சு.

ஒட்டுசுட்டான் பொடியன்:

என்ரது சின்னக் கதை. கேம் தொடங்கி பத்து நிமிசத்தில நிக்கும். கிராபிக்ஸ் காட்டைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன். பாத்தா, சி.பி.யு.க்கு மேல இருக்கிற காற்றாடியின்ர நாலு பிளாஸ்ரிக் கால்ல ஒண்டு கழண்டு நிக்குது. வெப்பம் 100 பாகை. வெப்பத்தைக் கடத்துற பழைய பேஸ்ற்றைச் சுரண்டித் துடைச்சு, புதுசு பூசி, காலை அமத்தினன். 'க்ளிக்' எண்டது. அவ்வளவுதான்.

வவுனியாவில திருத்துறவன்:

பரந்தன் அண்ணை, மதர்போட் எண்டு சொன்னவை பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா எங்கட பக்கத்தையும் கேளுங்கோ. ஆக்கள் கேசிங்கை மட்டும் மோட்டர்சைக்கிளில கட்டிக்கொண்டு வந்து 'நிக்குது' எண்டு ஒரு சொல்லுதான் சொல்லுவினம். எப்ப நிக்குது, என்ன செய்யேக்க நிக்குது, ஒண்டும் தெரியாது. எங்கட மேசையில அது தங்கப் பிள்ளை மாதிரி ஓடும். நீங்கள் எழுதின மாதிரி நேரம் எழுதின ஒரு கொப்பியோட ஆரும் வந்தா நான் தேத்தண்ணி வாங்கிக் குடுப்பன்.

கேசிங்கைத் தொட விறுவிறுக்குது எண்டு வாறவை கனபேர். எர்த் இல்லாட்டி அப்பிடித்தான். பவர் சப்ளையின்ர வடிகட்டிற கப்பாசிற்றரால கேசிங்கில கிட்டத்தட்டப் பாதி வோல்டேஜ் நிக்கும், ஓட்டம் மிகச் சின்னன். மூண்டாவது ஓட்டையில பேனைக் கூட்டைக் குத்தி ரெண்டு கால் பிளக்கைச் சொருகுற பழக்கம் எங்கட ஊரில இன்னும் போகேல்லை. மணல் நிலத்தில எர்த் கம்பியடி கோடைக்குக் காய்ஞ்சு கிடந்தாலும் எர்த் ஒழுங்கா வேலை செய்யாது.

2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்களெல்லோ, அந்த நேரம் வந்த செத்த பவர் சப்ளையளை அடுக்கினா ஒரு மதில் கட்டலாம். கரண்ட் போனா பிளக்கைக் கழட்டுங்கோ, வந்து பத்து நிமிசத்துக்குப் பிறகு போடுங்கோ. இன்னொண்டு: பவர் சப்ளைப் பெட்டியை நீங்களாத் திறக்க வேண்டாம். வயரைக் கழட்டின பிறகும் அந்தக் கப்பாசிற்றர் அடிக்கும். எனக்கு அடிச்சிருக்கு.

புதுக்குடியிருப்பு அக்கா:

எனக்கு நிண்டது ஹாட் டிஸ்க்காலதான். 'டிக், டிக்' எண்டு ஒரு சத்தம், பிறகு எல்லாம் இறுகிப்போய் நிக்கும். நான் சுவிச்சை அமத்தி அமத்தி பத்துத் தரம் தொடங்கினன்.

2009இல எங்கட வீட்டுப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அம்மா அப்பாவின்ர கலியாணப் படம், தம்பியின்ர படம், எல்லாம் வெளிநாட்டில சித்தியின்ர அல்பத்தில இருந்தது மட்டும்தான். அதை அவ ஸ்கான் பண்ணி அனுப்பி, நான் அந்த டிஸ்க்கிலதான் வச்சிருந்தன். பிறகு சித்தியும் செத்துப்போனா, அந்த வீட்டையும் வித்துப்போட்டினம்.

திருத்துற தம்பி ஒருத்தர் முதல் கேட்டது 'என்ன பழுது' எண்டில்லை, 'உள்ளுக்க என்ன இருக்கு' எண்டு. டிஸ்க்கைக் கழட்டி வேறை கொம்பியூட்டரில பூட்டி, விண்டோஸைத் தொடாமல் படங்கள் கிடந்த போல்டரை மட்டும் முதலில கொப்பி எடுத்தார். 340 படத்தில 11 திறக்கேல்லை. தம்பியின்ர படம் திறந்துது. அதுக்குப் பிறகுதான் சோதனை போட்டுப் பாத்தவர், செத்த செக்ரர் (டிஸ்க்கில எழுதிவைக்கிற சின்னச் சின்னப் பகுதி) நூற்றுக்கணக்கில. நான் பதினோராம் தரம் அமத்தியிருந்தா என்ன நடந்திருக்குமோ.

பரந்தன் சந்தி:

அக்கா, அந்தப் படங்களை ரெண்டு இடத்தில வச்சிருங்கோ. பென் டிரைவில மட்டும் வச்சிட்டு விட வேண்டாம்.

வவுனியாத் தம்பி, தேத்தண்ணிக்கு வாறன், கொப்பியோட. கல்வெட்டு 30ஆம் நாள் இரவு பன்ரெண்டரைக்கு முடிஞ்சுது, வம்சாவளியில ஒரு பேரப்பிள்ளையின்ர பேர் விடுபட்டதுக்கு இன்னும் பேச்சு வாங்கிறன். புதுப் பவர் சப்ளை போட்டாச்சு எண்டு மாமாவுக்குச் சொல்லியும் அவர் கேக்கிறமாதிரி இல்லை. இப்பவும் மோட்டரைப் போட முதல் வேலிக்கு மேலால எட்டிக் கத்துவார்: 'தம்பி, சேவ் பண்ணிட்டியோ?'