பாலைவன வெயிலிலும் வீட்டுக்குள் கரப்பான், எறும்பு, தேள்: நிரந்தரமாகத் தடுக்க என்ன வழி?

மணல்வெளி:

வணக்கம். பாலைவனப் பகுதியில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். எங்களுக்கு இங்கே இது முதல் கோடை. இரண்டு சின்னப் பிள்ளைகள். பகலில் 45 டிகிரியைத் தாண்டுகிறது, காற்றில் ஈரப்பசையே இல்லை. இந்த வெயிலிலும் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. இரவில் குளியலறை விளக்கைப் போட்டால் செம்பழுப்பு நிறத்தில் பெரிய கரப்பான்கள் ஓடுகின்றன. சமையலறையைத் துடைத்துவிட்டுத்தான் படுக்கிறோம், அங்கே ஒன்றுகூட இல்லை. படுக்கையறையில் ஏசிக்குக் கீழே எறும்புச் சாரை. போன வாரம் சாமான் அறையில் அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடியில் ஒரு தேள். அன்றிலிருந்து பிள்ளைகளைத் தரையில் விளையாட விடவே பயமாக இருக்கிறது. ஸ்பிரே அடித்தால் நாலு நாள் அடங்குகிறது, அப்புறம் பழையபடிதான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வால்வு:

கட்டடப் பராமரிப்புதான் என் தொழில், அதுவும் வெயில் ஊர்களிலேயே. பூச்சி என்று யாராவது கூப்பிட்டால் நான் எடுத்துப்போவது ஒரு டார்ச், ஒரு வாளித் தண்ணீர். மருந்துக்கு அப்புறம்தான் வேலை.

காரணம் இதுதான். பூச்சிக்கு உடம்பு சின்னது, உள்ளே இருக்கும் நீரும் கொஞ்சம். மேல்தோலில் உள்ள மெல்லிய மெழுகுப் படலம்தான் அந்த நீர் ஆவியாகாமல் காக்கிறது. வெளியே மண் கொதிக்கும்போது அதுவும் போதாது. சுற்றுவட்டாரத்தில் நிழலும் ஈரமும் இருக்கிற ஒரே இடம் உங்கள் வீடு. ஈரப் பிரதேசத்தில் பூச்சி சாப்பாட்டைத் தேடி வரும். இங்கே முதலில் தண்ணீரைத் தேடி வருகிறது. உங்கள் சமையலறை சுத்தமாக இருந்தும் குளியலறையில் கரப்பான் ஓடுவது அதனால்தான்.

அந்தப் பெரிய செம்பழுப்புக் கரப்பான் சாக்கடைவாசி. குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் மேல் ஜாலி (சல்லடை மூடி) இருக்கிறதல்லவா, அதன் அடியில் குழாய் வளைந்து போகும். அந்த வளைவில் சில செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றையும் பூச்சியையும் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறை, பால்கனி, வாஷிங் மெஷின் மூலை, இங்கெல்லாம் இந்த வறண்ட காற்றில் அது சத்தமில்லாமல் வற்றிவிடும். வற்றிய அன்றே சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் கதவே இல்லை என்று ஆகிவிடுகிறது. இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பளபளக்க வேண்டும். கறுப்பாகக் குழாய் மட்டும் தெரிந்தால், அல்லது லேசாக வாடை வந்தால், வற்றிவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் அரை வாளி ஊற்றுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றியபின் மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைக் குறைக்கும். ஜாலிக்குக் கீழே நுண்ணிய ஸ்டீல் வலை போட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் நின்றிருந்தாலும் சில கரப்பான் முங்கி வந்துவிடும்.

அப்புறம் சின்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் வட்டமாக ஒரு ஸ்டீல் தட்டு இருக்கும். அதை இழுத்துவிட்டால், முக்கால் அங்குலக் குழாய்க்காகக் கை நுழையும் அளவுக்கு உடைத்த ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். தட்டு அதை மறைக்கத்தான் செய்கிறது, அடைப்பதில்லை. செம்பு வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சிலிக்கான் பூசுங்கள். ஓட்டை அடைக்கும் நுரை (ஃபோம்) மட்டும் வேண்டாம், எலி அதைக் கடித்துவிடும். நான் பார்த்த வீடுகளில் இந்த ஒரு வேலைக்கே பாதித் தொல்லை ஓய்ந்திருக்கிறது.

எறும்புக்குக் காரணம் உங்கள் ஏசி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும், இல்லையென்றால் குளிர்ந்த செம்புக் குழாயின் மேல் உறை கிழிந்து அது வியர்த்துக்கொண்டிருக்கும். சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று ஈரம் தெரியும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சாரை மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள். சாவது வெளியே நடமாடுகிற வேலைக்கார எறும்புகள் மட்டும்தான். சில வகை எறும்புகள் மருந்து பட்டால் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் புதிதாகக் குடியேறிவிடும். மெதுவாக வேலை செய்யும் விஷ இரையைச் சாரை ஓரம் வைத்தால் அவையே புற்றுக்கு எடுத்துப்போய் ராணிக்கும் கொடுக்கும்.

கரப்பானுக்கும் ஸ்பிரேயைவிட ஜெல் மேல். அலமாரிக் கதவுக் கீல் மூலைகளிலும் சின்க் அடியிலும் கடுகளவு வைத்தால் போதும், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்குக் கரப்பான் பக்கத்தில்கூட வராது. ஸ்பிரே நாலு நாளில் தோற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முட்டைக்கூட்டின் கெட்டியான ஓட்டுக்குள் மருந்து ஊடுருவுவது இல்லை. ஒரு கூட்டிலிருந்து பதினைந்து குஞ்சு வரை வரும்.

வீட்டுக்கு வெளியே செடிக்குச் சொட்டுநீர் சுவரை ஒட்டிப் போகிறதா? அஸ்திவாரத்திலிருந்து இரண்டு அடியாவது தள்ளுங்கள். சுவர் அடியில் பென்சில் கனத்துக்கு மண் குழாய் ஏறியிருந்தால் அது கரையான். ஒரு துண்டை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. கட்டாமல் விட்டாலும் போய்விட்டது என்று நம்ப வேண்டாம், வேறு வழியாக ஏறியிருக்கும். உரிமம் உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்.

நிலாமுற்றம்:

வால்வு அண்ணா சொன்னதோடு தேளைப் பற்றி நான் சேர்க்கிறேன். எங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள், அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

புறஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், 365 முதல் 395 நானோமீட்டர் வரை எதுவானாலும் சரி. நன்றாக இருட்டியபின் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அடித்தால் தேள் நீலப்பச்சையாக ஒளிரும். முதன்முறை பார்த்தபோது சுவரில் யாரோ ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. தரையை மட்டும் பார்க்காதீர்கள். மரம் ஏறும் மெலிந்த வகைத் தேள்கள் சொரசொரப்பான சுவரிலும் ஏறும், பலகைக்கு அடியில் தலைகீழாகவும் தொங்கும். புதிதாகத் தோலுரித்த தேள் சரியாக ஒளிராது, அதனால் ஒரு இரவோடு நிறுத்த வேண்டாம். பிடிக்க நீளமான இடுக்கி, போட மூடியுள்ள கண்ணாடி ஜாடி.

ஏடிஎம் கார்டு நுழைகிற இடுக்கு இருந்தால் சின்னத் தேளுக்குப் போதும். இரவில் அறை விளக்கை அணைத்து, கதவுக்கு வெளியே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். உள்ளே வெளிச்சக் கோடு தெரியும் இடமெல்லாம் வழிதான். கதவடியில் ரப்பர் பட்டை, ஓரங்களில் பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். வாசல் விளக்கை மஞ்சள் எல்இடியாக மாற்றுங்கள். வெள்ளை வெளிச்சத்துக்குச் சுவர்க்கோழி கூடும், அதைத் தின்னத் தேள் வரும். கரப்பான் குறைந்தாலே தேளும் குறையும், அதற்கு இரை அதுதான்.

அட்டைப்பெட்டியை ஒழித்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், போர்வை தரையைத் தொடக்கூடாது. செருப்பு, ஷூ, கீழே கிடந்த துணி எதையும் உதறாமல் போடாதீர்கள்.

கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், மோதிரம் வளையல் இருந்தால் கழற்றுங்கள். கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். குழந்தையைக் கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எச்சில் வழிவது, கண்கள் தறிகெட்டு அலைவது, மூச்சுத் திணறுவது, கை கால் துடிப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மணல்வெளி:

இருவருக்கும் மிக்க நன்றி. விருந்தினர் குளியலறை ஜாலி காய்ந்துதான் கிடந்தது. தண்ணீர் ஊற்றியதும் இத்தனை நாள் இருந்த வாடையே போய்விட்டது. ஏசி குழாயிலும் பாசி அடைத்திருந்தது. ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மாத்திரை தருகிறேன், ராத்திரி அறையில் வைத்துப் பூட்டினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

வால்வு:

தம்பி, வேண்டவே வேண்டாம். அவர் சொல்வது பெரும்பாலும் தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும். வீட்டுக்குள் அது ஆளைக் கொல்லும், மாற்று மருந்தும் கிடையாது. அறையைப் பூட்டினால் நிற்காது. சுவர் விரிசல், குழாய் ஓட்டை, ஏசி காற்றுவழி எல்லாவற்றிலும் புகுந்து அடுத்த வீட்டுக்கும் போகும். மாத்திரை வைக்காத வீட்டில் தூங்கிய குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அவரிடமும் தயவுசெய்து சொல்லுங்கள், அவர் வைத்தாலும் ஆபத்து உங்கள் வீட்டுக்கும்தான். அவர் வீட்டுச் சுவரை ஒட்டி யாருக்காவது திடீரென்று தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, அவசர உதவியைக் கூப்பிட்டு இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

மணல்வெளி:

உடனே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று: வராந்தாவில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இருக்கிறது. அதில் கொசு வருமா?

நிலாமுற்றம்:

கட்டாயம் வரும். இந்தச் சூட்டில் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த முறை தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால் அந்தக் கறைக் கோட்டை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு நிரப்புங்கள்.