உம்கொமாஸ், அலிவால் ஷோல்: டைவ் முடித்து அன்று இரவே ஜோபர்க் திரும்பலாமா?

மிட்ராண்ட்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை கடைசியில் நாங்கள் நாலு பேர் ஜோபர்க்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்) காரில் தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊரான உம்கொமாஸ் போய், அங்கே கடலடியில் இருக்கும் பாறைத்திட்டான அலிவால் ஷோலில் ஸ்கூபா டைவ் பண்ணலாம் என்று இருக்கிறோம். டைவிங் சான்றிதழில் இரண்டு பேர் அட்வான்ஸ்டு (மேல்நிலை), இரண்டு பேர் ஓப்பன் வாட்டர் (தொடக்க நிலை). பயிற்சியெல்லாம் குவாரிக் குட்டையில்தான். அலையில் படகு தள்ளிப் பழக்கமில்லை. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து, ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து, சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவது திட்டம். "கார்தானே, விமானம் இல்லையே, ஒன்றும் ஆகாது" என்கிறார் நண்பர். சரிதானா? ஷோலில் இருக்கும் கதீட்ரல் என்ற குகையில் ரேகி சுறாவை (ராக்ட்-டூத் சுறா) நாலு பேரும் சேர்ந்து பார்க்க முடியுமா? படகு விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

தெற்குக்கரை:
உங்கள் நண்பர் சொல்வது தவறு, தம்பி. முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

உடம்புக்குத் தெரிவது சுற்றியுள்ள அழுத்தம் மட்டும்தான். அது காரா விமானமா என்று அதற்குத் தெரியாது. ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கடல்மட்டத்தில் 1 பார் என்றால் அங்கே ஏறக்குறைய 0.82 பார். விமான கேபின் அழுத்தமும் கிட்டத்தட்ட இந்த வகையறாதான். என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஹில்டன் ஏற்றத்திலேயே 1,000 மீட்டரைத் தொட்டுவிடுவீர்கள். வான் ரீனன் கணவாய் 1,600க்கும் மேல். திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகும். தோள், முழங்கை வலி, விரல் மரத்துப்போவது, காரணமில்லாத களைப்பு எல்லாம் நெடுஞ்சாலை நடுவில் வந்தால் கையில் ஆக்சிஜன் இருக்காது, மருத்துவ அழுத்த அறையும் பக்கத்தில் இருக்காது.

விமானத்துக்குச் சொல்லும் கணக்கையே இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே ஏறும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று வருவது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிட நிறைய.

ஆகவே திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பி இரவே உம்கொமாஸ் வந்து நன்றாகத் தூங்குங்கள். சனிக்கிழமை இரண்டு டைவ். நண்பகலில் முடிந்தால் ஞாயிறு காலை 6 மணிக்கு 18 மணி நேரம் ஆகிவிடும். காலை உணவை முடித்து நிதானமாகக் கிளம்பலாம். ஞாயிறு காலையில் "இன்னும் ஒரே ஒரு டைவ்" என்று ஆசைப்பட்டால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கரையோரம்:
அண்ணன் சொன்னதை அப்படியே கேளுங்கள். படகு பற்றி நான் சொல்கிறேன்.

ஆற்று முகத்துவாரத்திலிருந்து அலையை உடைத்துக்கொண்டுதான் ரப்பர் டக் (காற்றடைத்த ரப்பர் படகு) வெளியே போகும். ஸ்கிப்பர் (படகோட்டி) சொல்லும்போது எல்லோரும் சேர்ந்து படகின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். 'ஏறு' என்றதும் ஏறி, லைஃப் ஜாக்கெட்டோடு பான்டூனில் (படகோரக் காற்றுக் குழாயில்) உட்கார்ந்து, பாதத்தைக் கால்பட்டைக்குள் நுழைத்து, கயிற்றைக் கையில் பிடியுங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே கடல் அடங்கும் நேரத்துக்காக ஸ்கிப்பர் வட்டமடிப்பார், பயப்பட வேண்டாம். ஈயக் கட்டி கோத்த வெயிட் பெல்ட்டை அப்போது இடுப்பில் கட்டக்கூடாது. படகு கவிழ்ந்தால் ஆளை அடியில் இழுப்பது அதுதான். திரும்பி வரும்போது படகு வேகமாக மணலில் ஏறி நிற்கும், அப்போதும் அதே பிடி.

ஷோலில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கி ஓடும். எண்ணி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாக உருண்டு, பிசிடி (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) காலியாக, நேரே கீழே இறங்க வேண்டும். மேலே ஒரு நிமிடம் மாஸ்க் சரிசெய்துகொண்டு நின்றால் பாறையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அதனால் ஜோடிச் சோதனையைப் படகிலேயே முடியுங்கள். பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே இறங்கி மறுபடி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். காலியான பிசிடியோடு குதிப்பவருக்கு இது விளையாட்டில்லை.

கீழே டைவ் மாஸ்டர் (வழிகாட்டி) கையில் மிதவைக் கயிறு இருக்கும், படகு அதைப் பின்தொடரும். ஜோடி கண்ணில் படவில்லையென்றால் ஒரு நிமிடம் தேடி, பிறகு மேலே வந்து அங்கே சேருங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு எஸ்எம்பி (மேற்பரப்பில் இடத்தைக் காட்டும் மிதவை) எடுத்துப் போங்கள்.

மிட்ராண்ட்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. திட்டத்தை மாற்றிவிட்டோம். கதீட்ரல் பற்றியும் வெயிட் பற்றியும் சொல்லுங்கள். எனக்குப் படகில் வாந்தி வரும், அதற்கும்.

தெற்குக்கரை:
கதீட்ரலின் தரை சுமார் 27 மீட்டர். ஓப்பன் வாட்டர் எல்லை 18 மீட்டர் என்பதால் அந்த இரண்டு பேருக்கு அது வேண்டாம். ரேகிகள் ஜூன் முதல் நவம்பர் வரை ஷோலில் தங்கும், ஆழம் குறைந்த இடங்களிலும் பார்க்கலாம். ஆகவே நாலு பேரும் சேர்ந்தே போக வேண்டுமென்றால் அப்படிப்பட்ட இடத்தைக் கேளுங்கள்.

காற்றுக் கணக்கு: 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார், அதில் 50 பார் ஒதுக்கினால் 1,800 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 27 மீட்டரில் 74 லிட்டர் இழுப்பார், 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிஏடிஐ (டைவிங் பயிற்சி நிறுவனம்) அட்டவணையில் 27ஐ 30 என்று எடுத்தால் நிறுத்தமில்லா எல்லை 20 நிமிடம்தான். அதற்கு முன்பே ஏறத் தொடங்குங்கள்.

சுறா குகைக்குள் இருந்தால் வாசலை அடைத்து நிற்காதீர்கள். ஓரமாக, தாழ்வாக, அசையாமல் இருங்கள்; அதுவே சுற்றி வரும். துரத்தினால் வெளியே ஓடும், அதன் வழியில் நீங்கள் இருக்கக்கூடாது.

வெயிட்: ஜூலையில் தண்ணீர் 20 டிகிரி ஒட்டி இருக்கும், 5 மில்லிமீட்டர் தடிமன் சூட்டும் தலைமூடியும் வேண்டும். குவாரி நன்னீர், கடலில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு வெயிட் வேண்டும் என்று முழுச் சிலிண்டரோடு சோதித்தால் மேலும் 2 கிலோ சேருங்கள். செலவாகும் காற்றின் எடையே அவ்வளவு வரும்.

கரையோரம்:
வாந்திக்கு: வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், காலையில் டோஸ்ட், வாழைப்பழம் போதும். கியர் மாட்டும்போது கீழே குனியாமல் கரையைப் பாருங்கள். சின்னரிசின் மாத்திரை கேட்டால் ஃபார்மசியில் கொடுப்பார்கள், ஆனால் டைவ் பண்ணுவதைச் சொல்லிக் கேளுங்கள். ஊரிலேயே ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். தூக்கம் வந்தால் அந்த மாத்திரையோடு தண்ணீரில் இறங்கவே கூடாது.