தினசரி ஓட்டும் காரில் நைட்ரஸ் கிட்: இயக்காத நேரத்தில் அதை எப்படி வைத்திருப்பது?

சீரோட்டம் எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என்னுடையது டர்போ இல்லாத 2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். வேலைக்குச் சென்று வருவதும் குடும்பத்தை அழைத்துச் செல்வதும் இதே காரில்தான். இதில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை எஞ்சினுக்குள் செலுத்திக் கூடுதல் விசை தரும் நைட்ரஸ் கிட் பொருத்தப்பட்டுள்ளது. நைட்ரஸுடன் கூடுதல் பெட்ரோலையும் செலுத்தும் வெட் வகை அது; 50 குதிரைத்திறன் கூட்டும் ஜெட்டுகள் (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை முனைகள்) போடப்பட்டுள்ளன. மூடிய பந்தயத் தடத்தில் மட்டுமே அதை இயக்குகிறேன்.

இயக்கும் முறையைப் பற்றிப் படிப்பதற்கு நிறையக் கிடைக்கிறது. ஆனால் தடத்துக்குச் செல்லும் நாள் எப்போதாவதுதான் வருகிறது. மற்ற நாள்களில் எல்லாம் நைட்ரஸ் அடைத்த சிலிண்டர் டிக்கியில் சும்மா கிடக்கிறது. டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் இடையே தடுப்புச் சுவர் இல்லாத ஹேட்ச்பேக் என்பதால் அதுவே என் முதல் கவலை. வெயிலில் கார் நின்றிருந்த பிறகு பார்த்தால் அழுத்தமானி 1,200 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுகிறது. குளிர்ந்த காலையில் 600 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கிறது. இது இயல்பானதா? சிலிண்டர் வால்வை ஒவ்வொரு முறையும் மூடியே வைக்க வேண்டுமா? நகரப் போக்குவரத்தில் ஊர்ந்து செல்லும் இந்தக் காருக்கு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவது நன்மையா, தொல்லையா? நீண்ட காலம் இத்தகைய காருடன் வாழ்ந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பட்டறைவாசல் எழுதியது:

நண்பரே, உங்கள் அழுத்தமானி காட்டும் இரண்டு எண்களும் இயல்பானவையே. ஆனால் இரண்டு நிலையிலும் கிட்டை இயக்கக் கூடாது. அதற்கான காரணம் புரிந்துவிட்டால், உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை கண்டுவிடுவீர்கள்.

சிலிண்டருக்குள் இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு தன் ஆவியின் அழுத்தத்தாலேயே திரவமாக நிற்கிறது. எனவே அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்; எவ்வளவு மீதம் இருக்கிறது என்பது அன்று. 10 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 580 பிஎஸ்ஐ, 20 பாகையில் 730, 30 பாகையில் 915 என்று அது ஏறிக்கொண்டே போகும். 36.4 பாகை என்பது இந்த வாயுவின் மாறுநிலை வெப்பநிலை. அதைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற வேறுபாடே இல்லாமல் போய்விடுகிறது; அதன்பின் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் எவ்வளவு உயரும் என்பது சிலிண்டர் எவ்வளவு நிரப்பப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும் என்பதால், 1,200 என்ற எண் வியப்புக்குரியது அன்று.

பெரும்பாலான கிட்டுகளின் ஜெட் அளவுகள் 900 முதல் 1,000 பிஎஸ்ஐ வரையிலான அழுத்தத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. உங்கள் வெட் கிட்டில் பெட்ரோல், எரிபொருள் பம்பின் மாறாத அழுத்தத்தில் வருகிறது. நைட்ரஸோ சிலிண்டரின் மாறும் அழுத்தத்தில் வருகிறது. ஆகவே 1,200 பிஎஸ்ஐயில் பொத்தானை அழுத்தினால் நைட்ரஸ் மட்டும் கூடுதலாகப் பாய்ந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, எரியறையின் வெப்பம் உயரும். பிஸ்டனின் ரிங் பள்ளங்கள் உடைவதும் மேற்பரப்பு உருகுவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. 600 பிஎஸ்ஐயில் இதற்கு நேர்மாறாகப் பெட்ரோல் மிகுந்து, எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும்.

குளிருக்குத் தீர்வு எளிது. அழுத்த சுவிட்சுடன் கூடிய மின் சூடேற்றி உறையை, இக்னிஷன் இயங்கும்போது மட்டும் மின்சாரம் பெறும் வகையில் இணைத்தால் போதும். தீச்சுடரைக் கொண்டு சிலிண்டரைச் சூடாக்கும் பழக்கத்தை எவரிடம் கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள். உலோகத்தின் ஓரிடம் மட்டும் வலுவிழந்து போவது கண்ணுக்குத் தெரியாது. வெப்பத்துக்குத் தீர்வு அவ்வளவு எளிதாக இல்லை. நிழலில் நிறுத்துவது, ஒளியைத் திருப்பும் உறையால் மூடுவது, இயக்குவதற்கு முன் சிலிண்டரைக் காற்றோட்டத்தில் ஆறவிடுவது என்று பொறுமையாகச் செயல்படுவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தச் சிக்கல் புதிதும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய விமானங்களில் ஜிஎம்-1 என்ற பெயரில் நைட்ரஸ் பயன்பட்டபோது, முதலில் உயரழுத்தக் கலன்களில் எடுத்துச் சென்றவர்கள், பின்னர் அதைக் குளிர்வித்த திரவமாகக் கொண்டுசெல்லும் முறைக்கு மாறினார்கள்.

உங்கள் ஹேட்ச்பேக்கில் நான் கட்டாயம் என்று கருதுவது வெளியேற்றுக் குழாய். சிலிண்டர் வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது. ஏறத்தாழ 3,000 பிஎஸ்ஐயில் அது கிழிந்து, வாயு முழுவதையும் வெளியே விட்டுவிடும். முறையாக நிரப்பிய சிலிண்டரில் அது கிழிவது அரிது. அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் விட்டால் அந்த நிலை வரலாம். அப்போது வாயு முழுவதும் நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஒதுக்கிவிட்டு மூச்சுத் திணறச் செய்யும். தகட்டின் வாயிலிலிருந்து உலோகக் குழாய் ஒன்றைக் காரின் தரைக்கு அடியில் கொண்டுசென்று விட்டால் இந்த ஆபத்து நீங்கும். நிரப்பும்போது அழுத்தத்தைப் பார்த்து நிரப்பாமல் எடையைப் பார்த்தே நிரப்பச் சொல்லுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அழுத்தச் சோதனை நடந்த தேதியும் அங்கேயே இருக்கும். காலாவதியான சிலிண்டரை நிரப்ப மறுப்பவரே நம்பத் தகுந்தவர்.

நிரம்பிய 10 பவுண்டு சிலிண்டர் 11 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. தரை விரிப்பின் மேல் திருகாணியால் பிடித்து வைத்தால், மோதல் நேரும்போது அது அங்கே நிற்காது. தரைத் தகட்டைத் துளைத்து, அடியில் வலுத்தகடு வைத்து, போல்ட்டால் இறுக்குங்கள். வால்வு காரின் முன்பக்கம் நோக்கியும் பெயர்ச்சீட்டு மேல்நோக்கியும் இருக்க வேண்டும். ஏனெனில் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய், வேகம் கூடும்போது திரவம் பின்னோக்கிச் சென்று தேங்கும் மூலையிலிருந்து எடுக்குமாறு வளைக்கப்பட்டுள்ளது.

வால்வைப் பொறுத்தவரை, தடத்தில் நிற்காத எல்லா நேரமும் அது மூடியே இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு எதையும் நான் ஏற்பதில்லை.

ரிலேகாவலர் எழுதியது:

மேலே நண்பர் சிலிண்டரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் மின்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பந்தயத்துக்கென்றே கட்டிய காரில் எழாத ஒரு சிக்கல் சாலைக் காரில் எழுகிறது. அதிலுள்ள கணினி, ஓட்டுநரைக் கேட்காமலேயே எஞ்சினின் விசையைக் குறைக்க வல்லது. சக்கரம் வழுக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் த்ராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வை) மூடுகிறது, அல்லது எஞ்சினின் சில சிலிண்டர்களுக்குச் செல்லும் பெட்ரோலை நிறுத்துகிறது. உங்கள் நைட்ரஸ் சுவிட்ச் ஆக்சிலரேட்டர் மிதியில் பொருத்தப்பட்டிருந்தால், கால் முழுவதும் அழுத்தியிருப்பதை மட்டுமே அது அறியும். மூடிக்கொண்டிருக்கும் த்ராட்டிலுக்குள் நைட்ரஸும் பெட்ரோலும் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருக்கும். எனவே மிதியின் நிலையை நம்பாமல், த்ராட்டில் வால்வின் உண்மையான திறப்பைக் காட்டும் சென்சாரின் மின்னழுத்தத்தைப் படிக்கும் சுவிட்சைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவதாக, ஆர்பிஎம் எல்லை சுவிட்ச் ஒன்று கட்டாயம் தேவை. 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே நைட்ரஸ் பாய்ந்தால், மெதுவாக நகரும் பிஸ்டனின் மீது பெரும் அழுத்தம் நீண்ட நேரம் தங்கி, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைக்கவும் கூடும். மேல் எல்லையை எஞ்சினின் உச்ச ஆர்பிஎம் கட்டுப்பாட்டுக்குச் சில நூறு ஆர்பிஎம் முன்பே வையுங்கள். கட்டுப்பாடு பெட்ரோலை வெட்டும் அந்த நொடியில் நைட்ரஸ் பாய்ந்துகொண்டிருப்பது எஞ்சினுக்கு மிகப் பெரிய கேடு. மூன்றாவதாக, எரிபொருள் அழுத்தம் தாழ்ந்தால் முழு அமைப்பையும் நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சைச் சேர்த்துவிடுங்கள். நாள்தோறும் ஓடும் காரில் பம்பும் வடிகட்டியும் தேய்ந்துகொண்டே வருகின்றன, அதைச் சாதாரண ஓட்டத்தில் நீங்கள் உணர மாட்டீர்கள்.

இவை யாவும் தனி ஃபியூஸ் கொண்ட ரிலேயின் வழியே செல்ல வேண்டும். முதன்மை சுவிட்சுக்கு மூடி இருக்கட்டும். குழந்தைகளும் அமரும் கார் என்றால், அது கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சீரோட்டம் எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வெளியேற்றுக் குழாய் என் கிட்டில் இல்லை. அதைப் பொருத்தும் வரை சிலிண்டரைக் காரில் வைக்கப் போவதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வால்வை மூடிய பிறகும் குழாயில் அழுத்தத்துடன் நைட்ரஸ் நிற்கிறதே, அதை அப்படியே விடலாமா? எஞ்சினில் நாக் சென்சார் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரியும் நாக்கிங்கை உணரும் கருவி) இருப்பதால், டைமிங்கையும் (பிளக் தீ மூட்டும் தருணத்தையும்) பிளக்கையும் தொடாமல் விட்டாலும் கணினி பார்த்துக்கொள்ளும் என்று சிலர் கூறுவது சரியா?

நான்குவீச்சு எழுதியது:

குழாயில் மிஞ்சுவதை அப்படியே விடக் கூடாது. மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சொலினாய்டின் உள்ளே இருக்கும் சிறிய அடைப்பான் தேய்ந்தோ, தூசு சிக்கியோ கசியத் தொடங்கினால், நின்றிருக்கும் காரின் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழலுக்குள்) நைட்ரஸ் நிறைந்துவிடும். பின்னர் சாவியைத் திருப்பும்போது அது வெடித்து மேனிஃபோல்டைப் பிளக்கலாம். இன்றைய கார்களில் அது பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், சிதறும் துண்டுகளைப் பற்றியும் அஞ்ச வேண்டியிருக்கிறது. குழாயில் உள்ள நைட்ரஸை வெளியே பீய்ச்சும் பர்ஜ் வால்வு பலருக்கு வெறும் காட்சிப் பொருள். எனக்கோ, சிலிண்டரை மூடிய பிறகு குழாயை முழுவதும் காலி செய்யும் கருவி. பீறிட்டு வரும் வாயு தோலை உறையச் செய்யும் அளவுக்குக் குளிர்ந்தது என்பதால், இணைப்பைத் தளர்த்திக் காலி செய்ய முயல வேண்டாம். கசிவு இருப்பதாக ஐயம் எழுந்தால், இக்னிஷனையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில நொடிகள் சுழற்றி உள்ளிருப்பதை வெளியேற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

குழாய் இணைப்புகளில் டெஃப்லான் நாடாவைச் சுற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பலரின் சொலினாய்டு கசிவுக்கு அந்த நாடாவின் துணுக்கே காரணமாக இருக்கிறது. ஃபிளேர் வகை இணைப்புகளுக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். குழாய்த் திருகுகளுக்கு டெஃப்லான் பசை போதும்.

நாக் சென்சாரைப் பற்றிச் சிலர் கூறுவது எனக்கு உடன்பாடில்லை. அது நாக்கிங் நிகழ்ந்த பிறகுதான் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நைட்ரஸுடன் நிகழும் முதல் சில நாக்கிங்கே ரிங் பள்ளத்தை உடைக்கப் போதுமானது. காற்றில் எடையளவில் ஏறத்தாழ 23 விழுக்காடே ஆக்சிஜன் உள்ளது. நைட்ரஸிலோ 36 விழுக்காடு. எரியறையின் வெப்பத்தில் நைட்ரஸ் பிரியும்போது அந்த ஆக்சிஜன் வெளிப்பட்டு, எரிதலை விரைவுபடுத்துகிறது. ஆகவே 50 குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 2 பாகை (எஞ்சின் சுழற்சியின் கோண அளவு) என்ற அளவில் டைமிங்கைத் தாமதப்படுத்துவது வழக்கம். நைட்ரஸ் இயங்கும்போது மட்டும் தாமதப்படுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால், தினசரி ஓட்டத்தில் மைலேஜும் குறையாது.

பிளக் விஷயத்தில் உங்கள் தயக்கம் நியாயமானது. மிகக் குளிர்ந்த வகையை (வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் பிளக்கை) போட்டால், ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் கரி படிந்து எஞ்சின் தடுமாறும். 50 குதிரைத்திறனுக்கு ஒரு படி குளிர்ந்த வகையே போதும். முனை நீண்டு வெளியே நிற்கும் வகையைத் தவிருங்கள், அந்த முனைதான் முதலில் பழுத்துச் சிவந்து முன்கூட்டியே தீ மூட்டும். ஒவ்வொரு தட நாளுக்குப் பின்னும் பிளக்குகளைக் கழற்றிப் பீங்கானை உருப்பெருக்கியால் பாருங்கள். சிறு அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால், அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. காரணம் தெரியும் வரை கிட்டை இயக்க வேண்டாம்.

பெட்ரோல் ஜெட்டையும் சரிபார்க்க மறவாதீர்கள். சில கார்களில் எரிபொருள் அழுத்தம் 3 பார், மிஞ்சும் பெட்ரோல் எஞ்சினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாய் இல்லாத பல கார்களில் அது 4 பார். ஓர் அழுத்தத்துக்கான ஜெட்டை மற்றொன்றில் போட்டால், கலவை தொடக்கத்திலிருந்தே தவறாகவே இருக்கும். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்றைப் பொருத்தி, அது காட்டும் காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பதிவுசெய்து பாருங்கள்.

தனிப்பாதை எழுதியது:

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்றாலும், ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். 50 குதிரைத்திறனில் 10 பவுண்டு சிலிண்டர் தொடர்ந்து இயக்கினால் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே வரும். தட நாளில் மட்டும் செலவாகும் அந்த மூன்று நிமிடங்களுக்காக, மற்ற நாளெல்லாம் அழுத்தக் கலன் ஒன்றை மனைவி மக்களின் முதுகுக்குப் பின்னால் சுமந்து செல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியேற்றுக் குழாய் பொருத்திய பிறகும் சிலிண்டரைக் கழற்றி, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் நிமிர்த்திக் கட்டி வையுங்கள்; விரைவில் கழற்றும் வகைப் பிடிப்பான்கள் கிடைக்கின்றன. குழாயின் வாயை மூடி போட்டு அடைத்துவிட்டால் தூசும் சேராது. பொதுச் சாலையில் சிலிண்டர் இணைப்பில் இருப்பதையே குற்றமாகக் கருதும் இடங்கள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படவும் கூடும். கழற்றி வைத்தாலும் கிட் காரில் இருப்பதை அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.