நாற்பதைத் தாண்டிய பெண்களின் உடம்பு: பட்ட கஷ்டமா, பழக்கமா?

சாரல்_தென்காசி கேட்டது:

மகளிர் குழுக்களில் 40 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் உடல்நலக் கூட்டம் நடத்தத் திட்டம். வருபவர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றுபவர்கள். மற்றவர்கள் வயல் வேலை, நூறு நாள் வேலை. பலருக்குப் பதினேழு வயதில் கல்யாணம். குடிக்கிற வீட்டுக்காரர், வாரத் தவணைக் கடன், சிலருக்கு முப்பத்தைந்துக்குள் கர்ப்பப்பையும் எடுத்தாயிற்று. இவர்களிடம் போய் "நடங்க, கீரை சாப்பிடுங்க" என்று சொன்னால் போதுமா? சின்ன வயதில் பட்ட பாடு மாதவிடாய் நிற்கிற காலத்து உடம்பில் தெரியும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் உண்டா? உண்டு என்றால் கூட்டத்தில் எதை அளப்பது, எதைச் சொல்வது?

மருதம் எழுதியது:

ஆதாரம் உண்டு. ஆனால் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருவது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1995–97இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுக் கொடுமைகளைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசவு, பாலியல் தொல்லை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது போன்றவை. எண்ணிக்கை கூடக்கூட இதய நோய், மனச்சோர்வு, புகைப்பழக்கம் எல்லாமே படிப்படியாகக் கூடின. நடுவயதுப் பெண்களை மட்டும் எடுத்து நடந்தது 'ஸ்வான்' ஆய்வு. 1996இல் 42–52 வயதுள்ள 3,302 பேரோடு தொடங்கி, அவர்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார்கள். உடம்பு 'குப்'பென்று சூடேறி வேர்ப்பது அடிக்கடி வருகிறவர்களுக்கு அது நீடித்த காலத்தின் நடு அளவு 7.4 ஆண்டு, அதாவது பாதிப் பேருக்கு அதைவிட நீண்டது. படிப்பு குறைந்தவர்களுக்கும், மன அழுத்தமும் பதற்றமும் அதிகம் என்று சொன்னவர்களுக்கும் இன்னும் நீண்டது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், 40–60 வயதுள்ள 304 பெண்களில் வேலையிடத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்களிடம் இரத்த அழுத்தம் அதிகமாகவும் தூக்கம் மோசமாகவும் இருந்தது.

இது எப்படி உடம்புக்குள் இறங்குகிறது? இரண்டு வழி. ஒன்று நேர் வழி: எப்போதும் எச்சரிக்கையாகவே இருந்து பழகிய உடம்பில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் ஏற்ற இறக்கம் கெடும், தூக்கம் உடையும், இரத்தக் குழாயில் அழற்சி நிற்கும். இன்னொன்று பழக்கம் வழியாக. வெற்றிலையோடு புகையிலை, பசியை மறக்கக் கடுங்காப்பி, கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடுவது என்று போகும். இரண்டாவதைத்தான் நீங்கள் தொட முடியும். அதுவும் முழுதாக அல்ல, ஏனென்றால் அந்தப் பழக்கங்களைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கஷ்டம்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் எழுந்து நடந்தால் அன்றைய காசு குறையும். இதைத் தெரிந்துகொண்டே அறிவுரை சொன்னால்தான் காதில் ஏறும்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சிறுவயதுக் கேள்விகளைத் தமிழில் அச்சடித்துக் கூட்டத்தில் மதிப்பெண் போட வைத்துவிடாதீர்கள். அது பெரிய மக்கள் கூட்டத்தின் நிலையை அளக்கப் பயன்படுவது. தனி ஒருவருக்கு நோய் வருமா என்று அது சொல்லாது என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கும்போது யார் உண்மையைச் சொல்வார்கள்? யாராவது தானாகப் பேச வந்தால் தனியாகக் கேளுங்கள். வீட்டில் அடி என்றால் 181, மனம் தாங்கவில்லை என்றால் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. இந்த எண்களை ஒருத்தருக்கு மட்டும் கொடுக்காமல் கூட்டத்தில் எல்லாருக்குமே எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் கூச வேண்டியதில்லை.

நாடிக்குழல் எழுதியது:

மருதம் சொன்னதோடு ஒன்று: ஐம்பதுக்குக் காத்திருக்காதீர்கள். மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இங்கே 46–47. மெலிந்த உடம்பு, படிப்பின்மை, புகையிலை எல்லாம் அதை இன்னும் முன்னுக்கு இழுப்பவை. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டில் கெட்ட கொழுப்பு சட்டென ஏறுகிறது. எலும்பு இழப்பு அதற்கு ஓராண்டு முன்பே வேகமெடுத்து, நின்று இரண்டாண்டு வரை அந்த வேகத்திலேயே போகிறது. ஆகவே உங்கள் குழுவில் 42 வயதுக்காரர்தான் முக்கியம்.

அளக்க வேண்டியவை நான்கு: பி.பி., இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ஹீமோகுளோபின்.

பி.பி.யில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. வந்து உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் இருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். காப்பி, வெற்றிலை-புகையிலைக்கு அரை மணி இடைவெளி. கை மடியில் கிடந்தாலே அளவு கூடுதலாகக் காட்டும், மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். ரவிக்கைக் கை மேல் பட்டை சுற்றுவதோ, இறுக்கமான கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதோ இரண்டும் தவறு. அன்றைக்குத் தளர்வான ரவிக்கையோடு வரச் சொல்லிவிடுங்கள். பருத்த கைக்குப் பெரிய பட்டை தனியாக வாங்குங்கள், சிறிய பட்டை பொய்யாக அதிகம் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை எடுத்துச் சராசரி எழுதுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வேறொரு நாளும் பாருங்கள். அன்றும் அப்படியே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். மாத்திரை தொடங்கிய பின் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும்.

இடுப்பு: விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில். புடவைக் கொசுவத்தின் மேல் அளந்தால் கணக்கே வேறு. நம் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

மூன்று மாதச் சர்க்கரையை (எச்.பி.ஏ.1.சி.) மட்டும் நம்பாதீர்கள். இந்த வயதில் உதிரப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரட்டும்.

உழக்கு எழுதியது:

சாப்பாட்டுக்கு வருகிறேன். "கீரை சாப்பிடுங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உப்புக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், கேட்பார்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்தில் காலியானால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இதில் சேரவில்லை. முதலில் சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்துவது சுலபம்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் கால்சியம் நாளொன்றுக்கு 1,200 மி.கி. 60 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ களியோ செய்தால் சுமார் 220 கிடைக்கும். பாலும் மோருமாக 300 மி.லி. பாலுக்கு 350. ஒரு கை முருங்கைக்கீரை 150, எள்ளுப்பொடி 10 கிராம் 100. மீதி பருப்பு, நெத்திலிக் கருவாடு என்று வரும். ஆனால் கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உப்புக் கணக்கு போயிற்று. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக ஏறாது. ஒன்று காலை, ஒன்று இரவு. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம்.

புரதம்தான் பெரிய ஓட்டை. 60 கிலோ எடைக்கு 50 கிராம் வேண்டும். ரசம் சோறும் துவையலும் அதில் பாதிக்குக்கூட எட்டாது. ஒரு முட்டை 6 கிராம், 30 கிராம் தட்டாம்பயறு அவித்தால் 7. யாருக்கு எப்போது பரிமாறப்படுகிறது என்பதும் சேர்ந்த விஷயம் இது. முட்டை வாங்கினால் அது பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும்தான் போகும். எனவே சுண்டலைக் கூட்டத்திலேயே கொடுங்கள்.

சாரல்_தென்காசி:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். உடற்பயிற்சி செய்தால் அந்தச் சூடேறுவது குறையும் என்று சொல்லலாமா? கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத் தனியாக எதுவும் உண்டா?

மருதம் எழுதியது:

சொல்லாதீர்கள். சூடேறுவதைக் குறைக்கப் பயிற்சியைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே 2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் முடிவு சொன்னது. இரண்டு வாரம் செய்துபார்த்து "ஒன்றும் குறையவில்லை" என்று விட்டுவிடுவார்கள். பயிற்சி எலும்புக்கு, பி.பி.க்கு, சர்க்கரைக்கு, தொடைத் தசைக்கு என்று சொல்லுங்கள். சூடேறித் தூக்கம் கெட்டு வேலை பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மருந்து உண்டு, மருத்துவரைப் பார்க்கட்டும்.

பயிற்சியும் ஆளுக்கேற்ப. வயலில் குனிந்து நிமிர்கிறவருக்கு இன்னும் நடை தேவையில்லை, அவருக்கு வேண்டியது புரதமும் ஓய்வும். சுளகை மடியில் வைத்துக் காலை நீட்டி நாள் முழுக்கக் குனிந்திருக்கிறவருக்குத்தான் எழுந்திருப்பதே மருந்து. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு. அதையே பயிற்சியாகவும் வையுங்கள்: பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரம் மூன்று நாள். இலை கத்தரிப்பதற்கும் சுற்றுவதற்கும் நடுவில் செய்துவிடலாம், கூலி பெரிதாகக் குறையாது. புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சுற்றும் இடத்தைச் சமையல் இடத்திலிருந்து பிரிப்பது, இவற்றையாவது செய்யலாம்.

நாடிக்குழல் எழுதியது:

கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரட்டும். அதில் 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். 45க்கு முன் அப்படி நடந்திருந்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் ஆபத்து கூடுதல். இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாகக் கூடாது. சினைப்பையை விட்டு வைத்திருந்தாலும் சில ஆண்டுகள் முன்னதாகவே அது ஓய்ந்துவிடலாம். மாதவிடாய் என்ற அடையாளம் இல்லாததால் நின்றது தெரியாமலே போகும். அவர்களுக்கு 40 முதலே ஆண்டுக்கொரு முறை பி.பி., சர்க்கரை, கொழுப்பு.

கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு: நின்று முழு ஓராண்டு ஆன பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் "சூட்டினால் வந்தது" என்று விடக்கூடாது. அந்த வாரமே ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்வரிச் சுவர் 4 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சதை எடுத்துச் சோதிப்பார்கள்.