மரபணு நீக்கிய எலியா, செயலறு மரபணுச் சுண்டெலியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மரபணு அறவே செயல்படாதபடி ஆய்வகத்தில் உருவாக்கப்படும் சுண்டெலியை ஆங்கிலத்தில் ‘நாக்அவுட் மவுஸ்’ என்பார்கள். அதற்கு நண்பர் முன்வைத்துள்ள ‘மரபணு நீக்கிய எலி’ என்னும் தொடரின் இரு சொற்களுமே எனக்கு உடன்பாடானவை அல்ல.

முதலில் எலி. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழியில் உயிரியல் கற்பிக்கிறேன். ‘எலி’ என்றதும் இங்குள்ள பிள்ளைகளுக்கு பெரிய எலி (ரேட்) பரப்பும் மழைக்காலத்து எலிப்பனிதான் (எலிக்காய்ச்சல்) நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் வளர்வதோ 20, 30 கிராம் எடையே உள்ள சுண்டெலி. மலையாளத்திலும் அதன் பெயர் அதுவே. (மூஞ்சூறு என்று எழுதுவோரும் உண்டு, அது கொறிக்கும் இனமே அன்று.) மேலும், இத்தகைய சுண்டெலி 1989-லேயே உருவாகிவிட்டது, ஆனால் பெரிய எலியின் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் ஆய்வகத்தில் நிலைக்க மறுத்ததால், வேண்டிய மரபணுவை மட்டும் குறிவைக்கும் வித்தை அதனிடம் பலிக்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் கூடுதலாயின. ஆகவே இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது பிழையாகும்.

அடுத்தது ‘நீக்கிய’. கபேச்சி, எவன்ஸ், சிமிதீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த முறையில், பெரும்பாலும் நியோமைசின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றை இடையில் நுழைத்து மூல மரபணுவின் வாசகத்தைக் குலைப்பார்கள். மரபணுவின் பெரும்பகுதி அங்கேயே இருக்கும், புரதம் மட்டும் உருவாகாது. ‘முடக்கிய’ என்றால் வங்கிக் கணக்கைப்போல் பின்னர் விடுவிக்கலாம் என்று தோன்றும். ‘அணைத்த’ என்பதை வகுப்பில் சொல்லிவிட்டு மேற்கொண்டு பாடம் நடத்த இயலாது.

நோய் கண்டறியும் புதிய சோதனைகளில் இந்த நுட்பம் முக்கியமானது. குறிப்பிட்ட புரதத்தைப் பற்றுவதாகச் சொல்லப்படும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி), அப்புரதமே உருவாகாத சுண்டெலியின் திசுவில் இட்டுப் பார்க்கிறார்கள். அங்கும் நிறம் தோன்றினால் அது வேறெதையோ பற்றுகிறது என்று பொருள். இதற்குப் புரதம் குறைந்திருந்தால் போதாது, அறவே இருக்கக்கூடாது. எனவே ‘செயலறுப்பு’ என்பதையும், அதன்வழி ‘செயலறு மரபணுச் சுண்டெலி’ என்பதையும் பரிந்துரைக்கிறேன். ஆர்.என்.ஏ.வைக் கொண்டு செயலைக் குறைக்க மட்டும் செய்யும் ‘நாக்டவுன்’ முறைக்குச் ‘செயல்தணிப்பு’ பொருந்தும்.

குறித்த இடத்தில் வேறொரு மரபணுவைச் சேர்க்கும் ‘நாக்இன்’ முறைக்குச் ‘செருகல்’ என்று எழுதத் தயங்குகிறேன். மேலே சொன்னவாறு, அறுப்பதற்கும் நாம் ஒன்றைச் செருகவே செய்கிறோம். முதலமடை மாந்தோப்புக்காரர்களின் ‘ஒட்டு’ இதற்குப் பொருந்துமா?