பட்டா இல்லாத நவாஹோ, பட்டாவை அடகு வைக்கும் நேபாளம்: அனுபவப் பகிர்வு

— 1 —

அமெரிக்கப் பழங்குடியான நவாஹோ மக்களையும் நேபாளிகளையும் ஒப்பிட வருகிறவர்கள் முதலில் தூக்கிக்கொண்டு வருவது வறுமை விகிதத்தைத்தான். நவாஹோ நிலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே. நேபாளத்தில் 2022-23 வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்புப்படி 20.27 சதவீதம். அப்படியானால் நேபாளம் தேவலையா? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. கோடே வேறு.

அமெரிக்கக் கோடு 2024-இல் நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 31,200 டாலர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 21 டாலர் சொச்சம். நேபாளக் கோடு ஆளுக்கு ஆண்டுக்கு 72,908 நேபாள ரூபாய், அதாவது நாளைக்கு 200 ரூபாய். இந்திய ஒரு ரூபாய்க்கு நேபாள 1.60 என்ற கட்டு 1993 முதல் மாறவில்லை. ஆக நம் காசில் 125. விலைவாசி வித்தியாசத்தைக் கழித்தாலும் இரண்டு கோடுகளும் கிட்டே வராது. கையில் புரளும் காசில் நேபாளி பல மடங்கு ஏழை, அதில் வாதமே இல்லை.

ஆனால் அந்தக் காசு என்ன வாங்கித் தருகிறது என்று கேட்டால் படம் கோணலாகிறது. நவாஹோ நிலம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்று மாநிலங்களில் பரந்தது. அதில் வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 1,65,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் சொச்சம். நேபாளத்தில் அதே பரப்புக்கு 198 பேர். குழாய், கம்பி, சாலை எல்லாவற்றின் செலவும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் தொடங்குகிறது. தண்ணீர் பற்றித் தெரிந்தவர்கள் முதலில் எழுதுங்கள்.

— 2 —

தண்ணீர் என்றால் இதோ. நவாஹோ வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் குழாய் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அவர்கள் பிக்கப் வண்டியில் தொட்டி ஏற்றிப்போய் நிரப்பி வருகிறார்கள். கணக்கு இப்படி: கம்பிக்கூண்டு போட்ட பிளாஸ்டிக் தொட்டி 275 காலன், நம் அளவில் 1,040 லிட்டர். தண்ணீர் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். சாதாரண 'அரை டன்' ரகப் பிக்கப் பெரும்பாலும் அவ்வளவு தாங்காது. முழுக்க நிரப்பினால் பின் ஸ்பிரிங் உட்காரும், பிரேக் பிடிக்காது, மழை பெய்த களிமண் தடத்தில் சக்கரம் புதையும். சரி, பாதி நிரப்பலாம் என்றால் தண்ணீர் அலையடித்து வளைவில் வண்டியையே இழுக்கும். அதனால் பலர் 55 காலன் பீப்பாய்களைத் தனித்தனியாகக் கட்டி ஏற்றுவார்கள். ஒன்று நிரம்பினால் 208 கிலோ. தனி ஆளாக இறக்க முடியாது, குழாய் வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

ஆளுக்கு நாளைக்கு 10 காலன் என்று சிக்கனமாக வைத்தாலும் நால்வர் வீட்டுக்கு 275 காலன் ஒரு வாரம்தான். அமெரிக்காவில் சராசரி ஆள் இதைப்போல எட்டு மடங்கு செலவழிக்கிறார். வாரம் ஒரு நடை என்றால் பெட்ரோல், டயர், அரைநாள் வேலை எல்லாம் அந்தத் தண்ணீரின் விலையில் சேரும். குழாய் வைத்திருக்கிற பீனிக்ஸ் நகரத்துக்காரர் கட்டும் பில்லை விட, குழாய் இல்லாதவருக்கு ஒரு காலன் எத்தனையோ மடங்கு கூடுதல்.

தவறு நடக்கிற இடங்கள்: பழைய தொட்டியை மலிவாக வாங்கும்போது அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று பார்க்காமல் விடுவது. வெள்ளைத் தொட்டியை வெயிலில் வைப்பது. பாசி பிடிக்கும், கறுப்புத் துணி போர்த்த வேண்டும். குளிர்காலத்தில் அடி வால்வைக் காலி செய்யாமல் விடுவது. ஒரே இரவில் வெடிக்கும். எல்லாவற்றையும் விட மோசம், ஆடுமாடுகளுக்கான காற்றாலைக் கிணற்றில் குடிக்கப் பிடிப்பது. 1944 முதல் 1986 வரை அங்கே சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டினார்கள்; மூடாமல் கைவிட்ட சுரங்கங்கள் 500-க்கு மேல். மூடாத கிணறுகள் சிலவற்றில் யுரேனியமும் ஆர்சனிக்கும் அளவுக்கு மேல் இருக்கின்றன.

நேபாள மலைக்கிராமத்தில் காசு குறைவு, ஆனால் ஊற்று மேலே, வீடு கீழே. கறுப்பு பாலிதீன் குழாயைப் போட்டுவிட்டால் புவியீர்ப்பே கொண்டுவரும், பம்ப் வேண்டாம். 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் என்றால் 60 மீட்டர் சரிவுக்குள் ஓர் அழுத்தக் குறைப்புத் தொட்டி கட்ட வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் கீழே மூட்டு பிய்த்துக்கொண்டு போகும். ஊர்க் குழு மாதாமாதம் வீட்டுக்குக் கொஞ்சம் வசூலித்துக் காவலாளிக்குக் கூலி கொடுக்கும். இப்போது அதற்கு எமன் டோசர். ஊராட்சிகள் கணக்கில்லாமல் வெட்டும் மண் சாலைகள் குழாயையும் அறுக்கின்றன, ஊற்றுக்கண்ணையும் மூடுகின்றன.

— 3 —

மேலே சொன்னவர் 2023 தீர்ப்பை விட்டுவிட்டார். 1868 ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்தீர்கள், அதற்குத் தண்ணீரும் உறுதி செய்யுங்கள் என்று நவாஹோ அரசு கேட்ட வழக்கில், அப்படி முன்வந்து செய்யும் கடமை அமெரிக்க அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. தண்ணீர் உரிமை இருக்கிறது; கொண்டுவந்து தரும் பொறுப்புதான் யாருக்கும் இல்லை.

மின்சாரம் இன்னும் கொடுமை. பேஜ் ஊருக்குப் பக்கத்தில் நவாஹோ நிலத்திலேயே 2,250 மெகாவாட் அனல் நிலையம் 2019 நவம்பர் வரை ஓடியது. கயென்டா சுரங்க நிலக்கரி. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு கொலராடோ ஆற்று நீரை பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் தூக்கியது. உயரழுத்தக் கம்பி தலைக்கு மேல் போகும். கீழே வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. உயரழுத்தத்திலிருந்து வீட்டுக்கு நேராக இழுக்க முடியாது, துணைமின் நிலையம் வேண்டும், அங்கிருந்து கிளைக்கம்பி வேண்டும். ஒரு வீட்டுக்குச் சராசரி 40,000 டாலர் என்று கணக்குச் சொல்வார்கள். இன்னும் 10,000-க்கு மேற்பட்ட வீடுகள் காத்திருக்கின்றன. 2019 முதல் வெளிமாநில மின்வாரியங்களின் லைன்மேன்கள் வந்து இலவசமாகக் கம்பி இழுத்துத் தருகிறார்கள். நல்ல காரியம், ஆனால் அமெரிக்காவுக்கு வெட்கக்கேடு.

நிலக்கரிக்கு வந்த உரிமைத்தொகையும் கேளுங்கள். 1964 குத்தகைப்படி டன்னுக்கு அதிகபட்சம் 37.5 சென்ட். நிலக்கரி விலை எவ்வளவு ஏறினாலும் அதே காசு. 1980-களில் திருத்தியபோது 20 சதவீதம் கேட்கும் பரிந்துரை இருந்தது. உள்துறை அமைச்சர் தலையிட்டதால் அது நின்றுபோய் 12.5-இல் முடிந்தது. வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

நேபாளம் நேரெதிர். 2008-09 குளிர்காலத்தில் தினம் 16 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாடு, இன்று மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கிறது. 456 மெகாவாட் அப்பர் தாமாகோசி 2021-இல் வந்தது. வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பி போய்விட்டது. ஆனால் கிராமத்து மீட்டர் 5 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,150 வாட்டுக்கு மேல் இழுக்காது. இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் எம்சிபி விழும். அதனால் நாட்டில் மின்சாரம் மிஞ்சினாலும் சமையல் விறகிலும் இறக்குமதி எரிவாயுவிலும்தான்.

— 4 —

நிலத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் முழு விஷயமும்.

நவாஹோ நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க அரசின் பெயரில் பழங்குடிக்காக வைத்திருக்கும் அறக்கட்டளை நிலம். தனி ஆளுக்குப் பட்டா கிடையாது. வீடு கட்ட மனையிடக் குத்தகை எடுக்க வேண்டும்: அதிகபட்சம் ஒரு ஏக்கர், 75 ஆண்டு. வழி இது: விண்ணப்பம், அந்த இடத்தில் மேய்ச்சல் உரிமம் வைத்திருப்பவரின் சம்மதக் கையெழுத்து, நில அளவை, தொல்லியல் தடையின்மை, உயிரினத் தடையின்மை, சுற்றுச்சூழல் ஆய்வு, பிறகு ஒப்புதல். அளவைக்கும் தொல்லியலுக்கும் நூற்றுக்கணக்கில் டாலர் கையைவிட்டுப் போகும்.

சிக்குவது எப்போதும் இரண்டாவது படியில். மேய்ச்சல் உரிமம் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா செத்து இருபது வருடம் ஆகியிருக்கும். வாரிசு வழக்கு முடியாமல் கையெழுத்துப் போட ஆளில்லை. இந்த உரிமங்கள் 1930-களில் அரசு ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்தபோது வந்தவை. ஆடு ஒன்றுக்கு ஓர் அலகு, மாடு நான்கு, குதிரை ஐந்து. இன்று மந்தை இல்லாதவரும் உரிமத்தை விடமாட்டார், ஏனென்றால் அந்த நிலத்தில் யார் வரலாம் என்று சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

கடன் வாங்கப் போனால் வங்கி கேட்பது அடமானம். நிலத்தை அடமானம் வைக்க முடியாது, குத்தகை உரிமையைத்தான் வைக்கலாம். 1992-இல் வந்த மத்திய அரசு உத்தரவாதக் கடன் அதற்குத்தான். அதற்கும் உரிமைச் சான்று பழங்குடி விவகார அலுவலகத்திலிருந்து வர வேண்டும்; மாதக்கணக்கில் இழுக்கும். பலர் அலுத்துப்போய் டிரெய்லர் வீடு வாங்குகிறார்கள். டிரெய்லருக்குக் கார் மாதிரி கடன்: வட்டி அதிகம், மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். மத்தியதர அமெரிக்கன் சொத்துச் சேர்த்த வழியே சொந்த வீட்டின் விலையேற்றம். அந்த வழி இங்கே அடைப்பு.

மேற்குப் பக்கத்தில் அண்டைப் பழங்குடியான ஹோப்பிகளோடு வந்த எல்லைத் தகராறால் 15 லட்சம் ஏக்கரில் 1966 முதல் 2009 வரை கட்டுமானமே உறைந்து கிடந்தது. 43 ஆண்டுகள்.

நேபாளத்தில் லால்புர்ஜா இருக்கிறது. நம்மூர்ப் பட்டா போலத்தான். அளவு மலையில் ரோபனி, தெற்குச் சமவெளியான தராயில் பிகா. ஒரு ரோபனி 508.72 சதுர மீட்டர், பன்னிரண்டரை சென்ட். அதை வங்கியில் வைக்கலாம், விற்கலாம், கடன்காரரிடம் இழக்கவும் இழக்கலாம். 2000-இல் விடுவிக்கப்பட்ட கமையா கொத்தடிமைகளில் பலருக்கு இந்தக் காகிதம் வரவே இல்லை, அது வேறு சோகம்.

— 5 —

அண்ணன் சொன்ன அந்த லால்புர்ஜா கடைசியில் எங்கே போகிறது? விமான நிலையத்துக்கு.

நேபாளக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு ஏதோ ஓரிடத்திலிருந்து அனுப்பும் பணம் வருகிறது. வெளிநாட்டுப் பணம் நாட்டு உற்பத்தியில் கால்வாசி. வளைகுடா அல்லது மலேசியா போக வேண்டிய படிகள்: பாஸ்போர்ட், கம்பெனியின் ஆள் கோரிக்கைக் கடிதம், ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனை, பயணத்துக்கு முந்தைய பயிற்சி, காப்பீடு, நலநிதிக் கட்டணம், கடைசியில் தொழில் அனுமதி. 2015 முதல் மலேசியாவுக்கும் ஆறு வளைகுடா நாடுகளுக்கும் 'இலவச விசா, இலவச டிக்கெட்' விதி. ஏஜென்சி வாங்கலாம் என்பது 10,000 ரூபாய் மட்டும். நடைமுறையில் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு பத்தாயிரத்துக்கு ரசீது தருகிறார்கள். புகார் கொடுக்கும்போது கையில் இருப்பது அந்தப் பத்தாயிரம் ரசீதுதான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1,50,000 ரூபாய், கிராமத்து வட்டி நூற்றுக்கு மாதம் மூன்று. கத்தாரின் 2021 குறைந்தபட்சக் கூலி 1,000 ரியால், சுமார் 36,000 நேபாள ரூபாய். முதல் சம்பளம் வர இரண்டு மாதம். அதற்குள் கடன் 1,59,000. மாதம் 25,000 அனுப்பினால் எட்டு மாதத்தில் அடையும். அங்கே போனதும் ஒப்பந்தத்தை மாற்றி, அனுப்ப முடிந்தது 15,000 என்றானால் பதின்மூன்று மாதம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே உழைப்பு. ஒரு மாதம் சம்பளம் நின்றால் வட்டி குட்டி போடும். புறப்படும் முன் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் அடிப்படைச் சம்பளத்தைத்தான். சாப்பாட்டுப்படி, ஓவர்டைம் சேர்த்துச் சொல்லும் மொத்தத்தை அல்ல.

— 6 —

வட்டி என்றதும் ஒரு பொருத்தம். தராயில் 'மீட்டர் பியாஜ்' என்கிறார்கள், நம்மூர் மீட்டர் வட்டியேதான், பெயர் உட்பட. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, கொடுத்ததைப்போல மும்மடங்கை எழுதிக்கொள்வார்கள். நிலத்தையும் தன் பெயருக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள். பாதிக்கப்பட்டவர்கள் காட்மாண்டுவுக்கு நடந்தே வந்து போராடிய பிறகு 2023-இல் அது குற்றமாக்கப்பட்டது.

நவாஹோ எல்லையிலுள்ள கேலப் ஊரில் சிறுகடன் கடைகள் வரிசை கட்டி நிற்கும். நியூ மெக்சிகோ சட்டம் 2022 முடியும்வரை அனுமதித்த உச்சவட்டி ஆண்டுக்கு 175 சதவீதம். 2023 ஜனவரி முதல் 36. மேலே ஒருவர் கொடுமை என்று கணக்குப் போட்ட நூற்றுக்கு மூன்றும் அதேதான், ஆண்டுக்கு 36. நேபாளத்தில் கந்துவட்டி என்று திட்டுவது, அமெரிக்காவில் சீர்திருத்தம்.

— 7 —

வந்த காசு வெளியே ஒழுகுவது இரண்டு பக்கமும் உண்டு. நவாஹோ நிலத்தில் முழு மளிகைக்கடைகள் பத்துப் பதின்மூன்றுதான்; சம்பள நாளில் எல்லாரும் கேலப், ஃபார்மிங்டன், ஃபிளாக்ஸ்டாஃப் என்று வண்டியை விடுவார்கள், விற்பனை வரியும் அங்கேயே போகும். கடை வைக்கலாமே என்றால் மறுபடி வணிகக் குத்தகை, மறுபடி அடமானம் இல்லை. நேபாளத்தில் கத்தார்க் காசு அரிசியாக, மொபைலாக, மோட்டார்சைக்கிளாக எல்லை தாண்டிப் போகிறது; அந்த இறக்குமதிச் சுங்கத்தில்தான் அரசே நடக்கிறது. ஆள் போன மலைவயல் தரிசு, மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

— 8 —

நாலாம் பதிவுக்கு ஒரு சேர்க்கை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் வீடு கட்ட 3 லட்சம் ரூபாய் மூன்று தவணையில் தந்தார்கள்: ஒப்பந்தம் போட்டதும் 50,000, அடித்தளம் சரி என்று பொறியாளர் சொன்னதும் 1,50,000, சுவர் முடிந்து கூரை ஏறும் கட்டத்தில் 1,00,000. முதல் தவணையை வாங்கித் திருவிழாவிலோ பழைய கடனிலோ செலவழித்தவர்கள் இரண்டாவதற்கு அடித்தளம் காட்ட முடியாமல் திரும்பவும் வட்டிக்குப் போனார்கள். லால்புர்ஜா இல்லாத குடும்பங்கள் ஒப்பந்தத்திலேயே நின்றன. பிறகு உள்ளூர் அலுவலகப் பரிந்துரையும் அக்கம்பக்கத்தார் சாட்சியும் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். நவாஹோவின் மேய்ச்சல் உரிமக் கையெழுத்துச் சிக்கலுக்கு இதே மாதிரி அண்டைவீட்டுச் சாட்சி போதும் என்று வைத்தால் எத்தனை குத்தகை நகரும் என்று யாராவது அங்குள்ள நில அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சொன்னால் நன்றாக இருக்கும்.